ஊராட்சியாகவே இருப்பதா, மாநகராட்சியோடு சேர்வதா? புறநகர்க் கிராமங்கள் எடுக்க வேண்டிய முடிவு

நகரத்தை ஒட்டிய கிராமங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இதுதான்: நம் ஊரையும் சேர்த்துவிடுவார்களா? 2025 தொடக்கத்தில் தமிழக அரசு 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் அறிவித்தது. பல மாநகராட்சிகளோடு பக்கத்து ஊராட்சிகளை இணைக்கும் வேலையும் கூடவே நடந்தது. அறிவிப்பு வந்த ஊர்களில் பெண்கள் கூட்டமாக ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். அதே மாதிரி ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களோ, இனியாவது தெருவுக்குச் சாக்கடை வரும் என்று நம்பிக்கையோடு இருக்கிறார்கள். இருவர் வீட்டுக் குழாயிலும் வருவது ஒரே மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர்தான். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலும் ஏரிப் பாசனமும் இன்னும் மிச்சமிருக்கும் ஊர், அவசரப்பட்டு மாநகராட்சியில் சேரக் கூடாது. வயல் முழுக்க மனைப்பிரிவாகி, மாடி மேல் மாடி ஏறிவிட்ட ஊர், சேர்வதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சும்மா சேரக் கூடாது, கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு சேர வேண்டும். நடுவில் பேரூராட்சி என்று ஒரு வழியும் இருக்கிறது. அது பெரும்பாலான புறநகர் ஊர்களுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு ஊருக்குள் மூன்று ஊர்

மேடவாக்கம், கோவிலம்பாக்கம், முடிச்சூர், ஊரப்பாக்கம் என்று சென்னைக்குத் தெற்கே உள்ள ஊர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் ஊர் எப்படிப்பட்டது என்று புரியும். கடந்த இருபது ஆண்டுகளில், பேப்பரில் கிராம ஊராட்சியாக இருந்துகொண்டே அடுக்குமாடிகளால் நிறைந்த ஊர்கள் இவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5,000 பேருக்கு மேல் வசிக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், வேலைக்குப் போகும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது நகரம். அந்தக் கணக்கில் நகரமாகிவிட்ட பல ஊர்களை இன்னமும் ஊராட்சிதான் நிர்வாகம் செய்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் உண்மையில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. முதலாவது ஏரிக்கரை, அம்மன் கோயில், நான்கைந்து தெருக்கள் கொண்ட பழைய ஊர். இரண்டாவது, கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் தாழ்வான இடத்தில் இருக்கும் காலனி. அப்புறம் ‘நகர்’, ‘அவென்யூ’ என்று பெயர்ப்பலகை வைத்த மனைப்பிரிவுகள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதும் மாட்டுப் பொங்கலுக்கு உறியடி நடத்துவதும் பழைய ஊரின் வேலை. நகர்களில் குடியிருப்போர் நலச்சங்கம் இருக்கும், அதன் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்கத் தண்ணீர் லாரி பேச்சு ஓடும். மூன்று பேரும் ஒன்றாகச் சந்திக்கும் இடங்கள் மிகக் குறைவு. ரேஷன் கடை ஒன்று, வாக்குச்சாவடி ஒன்று. கிராம சபையும் அப்படி ஓர் இடம், யாராவது வந்தால்.

இணைப்பு பற்றிய முடிவை இந்த மூன்று ஊருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தமாக ‘ஊருக்கு நல்லது’ என்று யார் பேசினாலும் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்.

எதெல்லாம் மாறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், வீண் பயம் நிறைய உலவுகிறது. பட்டா, சிட்டா எல்லாம் வருவாய்த் துறையுடையவை. ஊராட்சி மாநகராட்சியானாலும் வருவாய்க் கிராமம் தன் பெயரோடு அப்படியே இருக்கும், விஏஓவும் இருப்பார். மின் கட்டணம் மாறாது. ரேஷன் அட்டை செல்லும். அறநிலையத் துறைக் கோயில் அந்தத் துறையிடமே இருக்கும்.

நூறு நாள் வேலை

பெண்கள் மனுவோடு போனதற்குக் காரணம் இதுதான். 2005-ல் சட்டமாக வந்த ஊரக வேலை உறுதித் திட்டமும், அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டமும் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே. எல்லைக்கோடு மாறினால் வேலை அட்டை வெறும் அட்டையாகிவிடும். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகரத்தை ஒட்டிய ஊர்களில் இளம்பெண்கள் கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்குப் போய்விடுகிறார்கள். சித்தாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், வீட்டு வேலைக்குப் பேருந்து ஏறிப் போக உடம்பு ஒத்துழைக்காது என்ற நிலையில் இருக்கும் அறுபது வயது அம்மாக்களுக்கு, நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிற ஒரே கூலி இதுதான். பணம் அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. யாரிடமும் கை நீட்டாமல் மாத்திரை வாங்க முடிகிறது. கூலியாக வரும் தொகையை மட்டும் வைத்து இதை எடை போட முடியாது.

நகர்ப்புறத்துக்கும் இதேபோல ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் அது திட்டம், சட்டம் தந்த உரிமை இல்லை. வேலை கேட்டு மனு கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை, இல்லாவிட்டால் வேலையின்மைப் படி என்று ஊரகச் சட்டம் சொன்னதைப் போன்ற பிடிமானம் அதில் கிடையாது.

வீட்டுத் திட்டமும் அப்படித்தான். குடிசை வீடுகளை மாற்ற 2024-ல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது ஊரகப் பகுதிக்கானது. காலனியில் இன்னும் ஓலைக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற ஊர், இணைப்புக்குத் தலையாட்டும் முன் அந்தப் பட்டியலில் யார் யார் பெயர் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் ஊரின் நிலையைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. போன நிதியாண்டில் எத்தனை வேலை அட்டைக்கு உண்மையில் வேலை கொடுக்கப்பட்டது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். சில நூறு குடும்பங்கள் என்று பதில் வந்தால் இணைப்பால் ஊரின் ஒரு பகுதி நேரடியாக அடி வாங்கும். விரல் விட்டு எண்ணும் அளவு என்றால், தோண்ட வாய்க்காலும் செடி வைக்க நிலமும் இல்லாமல் திட்டம் ஏற்கெனவே அங்கே ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இதைக் காரணமாகக் காட்டி மற்றவர்களைக் காக்க வைப்பது சரியில்லை.

கேள்வி கேட்க ஓர் இடம்

ஊராட்சியின் பெரிய சொத்து எது என்று கேட்டால் நான் கிராம சபை என்றுதான் சொல்வேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளாக இருந்ததோடு, 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டையும் சேர்த்தார்கள். ஆண்டுக்கு ஆறு முறை, வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர் என்றால் 300 பேராவது கூட வேண்டும் என்பது விதி.

ஒழுங்காக நடக்கிற கிராம சபை எப்படி இருக்கும் தெரியுமா? ஊராட்சி ஒன்றியப் பள்ளி வளாகத்தில் ஷாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, டீயும் பிஸ்கட்டும். ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசிப்பார். ‘மின்மோட்டார் பழுது பார்த்த வகையில்’ என்று ஒரு தொகை வரும். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, “எந்த மோட்டாரு சார்? எங்க தெரு போர் மோட்டார் ஆடியிலேருந்து ஓடலியே?” என்பார். செயலர் தொட்டி ஆபரேட்டரைத் திரும்பிப் பார்ப்பார். ஆபரேட்டர் அதே தெருக்காரர், எந்த மோட்டார் எப்போது போனது என்று அவருக்குத் தெரியும், அவர் பேசித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவுக்கு அங்கேயே விளக்கம் வரும், அல்லது ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

மாநகராட்சியில் இதற்கு ஈடாக வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022-ல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அமைப்பாக நல்ல ஏற்பாடு, வளர வேண்டும். ஆனால் அளவைப் பாருங்கள். ஊராட்சி வார்டு உறுப்பினர் சில நூறு வாக்காளர்களுக்குப் பொறுப்பு. சென்னை மாநகராட்சிக் கவுன்சிலர் சராசரியாக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பொறுப்பு. ஊராட்சித் தலைவரும் துணைத் தலைவரும் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள். கவுன்சிலர் கையில் காசோலைப் புத்தகம் கிடையாது, மண்டல அலுவலகத்தில் பேசி வேலை வாங்க வேண்டியவர் அவர்.

தேர்தல் விஷயத்தில் இரண்டு பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊராட்சிகளுக்குத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-ல் வாக்களித்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆனாலும் தனி அலுவலர் காலத்தில்கூட கிராம சபை கூடியாக வேண்டும் என்பது ஊராட்சிக்காரர்களுக்கு ஒரு பிடி.

ஊராட்சியை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் சாதியும் எல்லோரையும் அறிந்திருக்கிறது. 2020-ல் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது. காலனித் தெருவுக்குக் கடைசியாகக் குழாய் போடுவது, சுடுகாட்டுப் பாதையை இழுத்தடிப்பது என்று வெளியே தெரியாதவை இன்னும் நிறைய. நகராட்சி அலுவலகத்தில் முகம் தெரியாத எழுத்தரிடம் விண்ணப்பம் கொடுப்பது காலனிக்காரர்களில் பலருக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருக்கலாம். அதனால் இணைப்பு வேண்டுமா என்று காலனியில் தனியாகப் போய்க் கேளுங்கள். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் மனதில் உள்ளதைச் சொல்ல முடியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சாக்கடையும் ஏரியும்

மாநகராட்சிப் பக்கம் இருக்கும் வலுவான வாதம் சாக்கடை. ஒரு ஊராட்சியால் தெருவிளக்குப் போட முடியும், சிமென்ட் சாலை போட முடியும், தூய்மைக் காவலர்களை வைத்துக் குப்பை வண்டி இழுக்க முடியும். பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அதன் சக்திக்கு மீறியவை. ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க், பக்கத்திலேயே போர். மனை சின்னதாகச் சின்னதாக இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் குறைகிறது. கழிவுநீர் லாரிக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் அடுக்குமாடிக்காரர்கள் வரி குறைவு என்று மகிழ ஒன்றுமில்லை. அந்த லாரிகளில் சில இருட்டியதும் எந்த வாய்க்காலில் திறந்துவிடுகின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலனி தாழ்வான இடத்தில் இருக்கிறது என்று முன்னால் சொன்னேன். அந்த நீர் போய்ச் சேருவது அங்கேதான்.

ஆனால் சேர்ந்த உடனே குழாய் வந்துவிடும் என்று நம்பினால் சென்னையின் 2011 அனுபவத்தைப் பாருங்கள். 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளை இணைத்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 ஆனது. மடிப்பாக்கம், நொளம்பூர், ஈஞ்சம்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் அப்போது ஊராட்சியாக இருந்து உள்ளே வந்தவை. பத்தாண்டு தாண்டியும் இந்தப் பகுதிகளில் பல தெருக்கள் பாதாளச் சாக்கடைக்காகக் காத்திருந்தன. வடக்கே கொசஸ்தலையாற்றுப் படுகையில் இணைந்த பகுதிகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் வேலை தொடங்கவே ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆனது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வந்ததும் அப்படித்தான். ஆனாலும் கடைசியில் அந்த வடிகாலும் சாக்கடையும் வருகின்றன. ஊராட்சியாகவே இருந்திருந்தால் அந்த அளவு கடனை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். இதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

ஏரி விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, இணைப்பால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதைவிடச் சிறிய ஏரி, குளம், குட்டைகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. இணைந்ததும் இவை நகர நிர்வாகத்தின் கைக்குப் போகும். நல்ல ஆணையர் வாய்த்தால் கரை பலப்படும். பல இடங்களில் நடப்பது நடைபாதை, மின்விளக்கு, செயற்கை நீரூற்று. பாசனம் பார்க்கிறவருக்குத் தேவையான மதகும் வரத்துக் கால்வாயும் திட்ட அறிக்கையிலேயே இருக்காது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்ததை மறக்காதவர்களுக்கு வரத்துக் கால்வாய் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

வரி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வரி கூடும். ஊராட்சியில் வீட்டு வரி குறைவு, காலிமனைக்கு வரி கிடையாது. நகரத்தில் சொத்து வரி, காலிமனை வரி, குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்கள் எல்லாம் உண்டு. 2022-ல் சொத்து வரியைத் திருத்தியபோது சென்னையோடு 2011-ல் இணைந்த பகுதிகளில் வீட்டின் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். பழைய சென்னையில் அது 50 முதல் 150 வரை. ஓட்டு வீட்டில் இருக்கும் பழைய ஊர்க்காரருக்கு இந்த உயர்வு வலிக்கும். அடுக்குமாடிக்காரருக்கு, லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால், குழாய் நிஜமாகவே வந்தால் லாபம்.

இன்னொரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளி, கோயிலிலிருந்து டாஸ்மாக் கடை இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தூரம் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். எல்லை மாறும்போது இந்தக் கணக்கும் மாறும். பெண்கள் போராடி அகற்றிய கடை, விதிப்படியே திரும்பி வர இடமிருக்கிறது.

பேரூராட்சி என்ற நடுவழி

முழு நகரமும் வேண்டாம், கிராமமாகவும் இருக்க முடியாது என்பவர்களுக்குப் பேரூராட்சி நல்ல சமரசம் போலத் தெரியும். தனித்து நிற்கும் சந்தை ஊர்களுக்கு அது சரிதான். சொந்தக் கடைவீதி, சொந்த வருமானம், சொந்த அடையாளம் எல்லாம் அங்கே இருக்கும். நகரத்தை ஒட்டிய ஊருக்கு வந்து சேரும் பலன் வேறு. நூறு நாள் வேலையும் கிராம சபையும் போய்விடும், பெரிய சாக்கடைத் திட்டத்துக்கான பலமும் கிடைக்காது. இந்தச் சிக்கலை அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். 2004-ல் பேரூராட்சிகளை எல்லாம் சிறப்புச் சிற்றூராட்சிகள் என்று மாற்றினார்கள். ஊரக வளர்ச்சிக்கு மத்திய அரசு தரும் நிதியைப் பெறுவது அதன் நோக்கம். 2006-ல் அவை மறுபடி பேரூராட்சிகளாயின. தாம்பரத்தைச் சுற்றியிருந்த சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டன. பெருநகரத்தின் வாசலில் பேரூராட்சியாக நிலைத்திருப்பது கடினம். ஒரு தடவை மாறி, பத்தாண்டில் மறுபடி மாறுவதற்கு, நேராகவே முடிவெடுக்கலாம்.

முடிவெடுக்கும் முன்

கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆட்சேபனைக் காலத்திலும் நீதிமன்றத்திலும் காட்ட ஊரிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான். வெறும் ‘எதிர்க்கிறோம்’ அல்லது ‘வரவேற்கிறோம்’ என்று ஒரு வரியில் எழுதினால் பயனில்லை. பாதாளச் சாக்கடைக்குத் திட்ட அறிக்கை தயாரா, நிதி ஒதுக்கப்பட்டதா, எந்த ஆண்டு வேலை தொடங்கும்? வேலை அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாற்று என்ன? வீட்டுத் திட்டத்தில் தேர்வான பயனாளிகளை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் இணைப்பார்களா? சொத்து வரியைச் சாக்கடை வரும் வரை பழைய அளவிலேயே வைப்பார்களா? வரத்துக் கால்வாய்க்கு யார் பொறுப்பு? இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிக்கையில் சொன்ன கெடுவுக்குள் அதே நகலை இணைத்து மனு கொடுங்கள்.

நகர்களில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். பூர்வீகமா, குடிவந்தவரா என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை. ஆனால் உங்களில் பலருடைய பெயர் இன்னும் பழைய முகவரியில், சைதாப்பேட்டையிலோ சொந்த ஊரிலோ இருக்கிறது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். அடுத்த கிராம சபைக்கு முன் அதை முடித்துவிட்டால், சாக்கடை வேண்டும் என்ற கோரிக்கையை வேலை அட்டை வைத்திருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம், அவர் சொல்வதையும் கேட்கலாம்.